வெள்ளியைத் தேடி வந்தவரும் சோழி பரப்பியவரும்



ஐரோப்பிய வானியல் என்றதும் கோபர்நிகஸ், கலிலியோ என்று போலந்துக்கும் இத்தாலிக்கும் போய்விடுகிறோம். நம் கீழ்பென்னாத்தூரிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போனால் வரும் புதுச்சேரியிலும் அந்த வரலாற்றில் ஒரு பக்கம் இருக்கிறது.

சூரியன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது? வெள்ளிக் கோள் சூரியனைக் குறுக்காகக் கடப்பதைப் பூமியின் பல இடங்களிலிருந்து அளந்தால் கணக்கிடலாம் என்றார் எட்மண்ட் ஹாலி. அதற்காக 1760இல் பிரான்சிலிருந்து கப்பலேறினார் லெ ஜென்டீல். அவர் வந்து சேருமுன், 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. அந்த ஜூன் 6ஆம் நாள் ஆடும் கப்பலிலிருந்து பார்த்தார். பயனுள்ள அளவு எதுவும் எடுக்க முடியவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டு காத்திருந்து, இடிந்து கிடந்த கோட்டையில் ஆய்வகம் கட்டினார். 1769 ஜூன் 4 காலையில் மேகம் மூடிக்கொண்டது. ஊர் திரும்பினால், செத்துவிட்டார் என்று சொத்தைப் பங்கு போட்டிருந்தார்கள்.

இந்தச் சோகக் கதையை எல்லாரும் சொல்வார்கள். நமக்கு வேண்டியது அந்தக் காத்திருப்பில் நடந்தது. தமிழர் கிரகணம் கணிக்கும் முறையை அவர் புதுச்சேரியில் கற்றார். சோழிகளை வைத்து, மனப்பாட வாய்பாட்டால் போடும் கணக்கு அது. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துச் சொன்னது. ஐரோப்பாவில் பேர்பெற்ற டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி கூட்டிச் சொன்னது.

இதை வைத்து ‘எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது’ என்று மேடை போடுவோர் உண்டு. யாரிடம் இருந்தது என்பதே நம் கேள்வி. 1825இல் ஜான் வாரன் புதுச்சேரியில் சந்தித்த பஞ்சாங்கக்காரர் தரையில் சோழி பரப்பிக் கிரகணம் கணித்தார். தொடக்கம் 4 நிமிடம் பிசகியது, முடிவு 52 நிமிடம். விதிகள் அவருக்கு மனப்பாடம், காரணம் தெரியாது. காரணம் தெரியாமல் பிசகைத் திருத்த முடியுமா? குடும்பத்துக்குள்ளும் சாதிக்குள்ளும் பூட்டிய அறிவை யார் கேள்வி கேட்பார்? கலிலியோ 1632இல் தன் நூலை லத்தீனை விட்டு, மக்கள் பேசிய இத்தாலிய மொழியில் எழுதினார். திருச்சபை அவரை வீட்டுக் காவலில் வைத்தது. நூலோ மொழிபெயர்ந்து எல்லை தாண்டியது.

வள்ளுவர் சமூகத்தை எண்ணிப் பாருங்கள். நாள் பார்க்கவும் சாதகம் கணிக்கவும் ஊர் தேடிப்போனது அவர்களைத்தான். அதே ஊர் அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. இன்று பட்டியல் சாதி அட்டவணையில் அவர்கள் பெயர் இருக்கிறது. லெ ஜென்டீலின் பயண நூல் 1779இலேயே பாரீசில் அச்சேறத் தொடங்கிவிட்டது. வள்ளுவர் வீட்டு ஏடுகளைத் தேடும் வேலை நமக்கு மிச்சம் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் பழைய ஏடோ கையெழுத்துப் பஞ்சாங்கமோ கண்ணில் பட்டால், மாணவர்கள் வீட்டாரைக் கேட்டுப் படமெடுங்கள். எழுதியவர் பெயரையும் குறியுங்கள். சோதிடப் பலன் வேண்டாம், கணக்கு வேண்டும்.