தூற்றினால் பதர் நெல்லாகுமா? – ஆசிரியர் பயிற்சியும் தகுதித் தேர்வும்

(புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று அதைப் பேசப் போவதில்லை. நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் வாத்தியாரைப் பற்றிப் பேசப் போகிறோம். அவர் எங்கே தயாராகிறார்? அவருக்கு அனுமதிச் சீட்டு கொடுப்பது யார்? அதை வாங்கிய பிறகு அவர் என்ன ஆகிறார்? இவைதான் இன்றைய கேள்விகள்.

"இதில் நமக்கென்ன?" என்று கேட்கலாம். பணம் படைத்தவன் தன் பிள்ளைக்கு ஒரு பள்ளி சரியில்லை என்றால் இன்னொரு பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்ப்பான். வீட்டுக்கே வாத்தியாரை வரவழைப்பான். கந்தர்வகோட்டையில் முந்திரி பொறுக்குகிறவனுக்கும், மணமேல்குடியில் வலை இழுக்கிறவனுக்கும், ஷிப்டுக்கு ஓடுகிற ஆலைத் தொழிலாளிக்கும் இருப்பது ஒரே பள்ளிதான்: ஊரில் இருக்கும் நடுநிலைப் பள்ளி. அங்கே நிற்கிற வாத்தியார் சரியாக இருந்தால் நம் பிள்ளை தேறும், இல்லாவிட்டால் இல்லை. அதுமட்டுமல்ல. வாத்தியார் வேலைக்குப் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற பெண்களில் பலர் நம் வீட்டுப் பெண்கள்தான். ஆகவே இது இரண்டு பக்கமும் நம்மைத் தொடுகிற விஷயம்.

ஆறு, ஏழு, எட்டு

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மூன்று வருஷங்களை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது மாலை போடுகிறோம்; பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்தால் கோயிலுக்குப் போகிறோம். நடுவில் நடப்பதைக் கவனிப்பதில்லை. ஆனால் பின்னக் கணக்கு கைவசப்படுவதும், எண்ணுக்குப் பதிலாக எழுத்தை வைத்துக் கணக்குப் போடும் இயற்கணிதம் தொடங்குவதும், விஞ்ஞானம் தனிப் பாடமாகப் புரிய ஆரம்பிப்பதும் இந்த வயதில்தான். இங்கே தடுக்கி விழுந்த பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நிற்பது கஷ்டம். "படிப்பு ஏறவில்லை" என்று பையனைச் செங்கல் சூளைக்கு அனுப்புகிறோம். பெண்ணைச் "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் நூற்பாலை விடுதிக்கு ஆள்பிடித்துக் கொண்டுபோன கதையும் நமக்குத் தெரியும். ஏறாதது படிப்பா, ஏற்றிவிட ஆள் இல்லையா?

அந்தக் காலத்தில் எட்டாம் வகுப்புத் தேறி இரண்டு வருஷம் பயிற்சி பெற்ற 'ஹையர் கிரேடு' வாத்தியார்கள் நம் பள்ளிகளில் இருந்தார்கள். பிறகு இடைநிலை ஆசிரியர்கள் வந்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில், ஆறு முதல் எட்டு வரை பட்டதாரி ஆசிரியரே வேண்டும் என்ற நிலைக்குத் தமிழ்நாடு வந்தது. பட்டமும் அதற்குமேல் பி.எட். பயிற்சியும் பெற்றவர் நம் பிள்ளைக்குப் பாடம் எடுப்பது நல்ல முன்னேற்றம். அதை நாம் வரவேற்கிறோம்.

பரீட்சை வந்த கதை

2009-ல் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. அதன் 23-வது பிரிவின்படி, ஆசிரியருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதை தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்டு 23-ல் அறிவித்தது. பட்டமும் பயிற்சியும் இருந்தால் போதாது. தகுதித் தேர்விலும் தேற வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2011-ல் அதற்கு உத்தரவு பிறந்தது. ஆறு முதல் எட்டு வரை பாடம் எடுக்க விரும்புகிறவர் இரண்டாம் தாளை எழுத வேண்டும். 150 கேள்விகள், 150 மார்க்கு. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேறுவதற்கு 90 மார்க்கு என்று முதலில் வைத்தார்கள். 2014-ல் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அது 82 ஆகக் குறைக்கப்பட்டது.

முதல் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. இரண்டு தாள்களையும் சேர்த்து ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் எத்தனை பேர்? 2,448 பேர்! நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. "பார்த்தீர்களா, வாத்தியார்களின் லட்சணத்தை!" என்று பலர் கைகொட்டிச் சிரித்தார்கள்.

ஆனால் அடுத்து நடந்ததைக் கேளுங்கள். ஜூலைத் தேர்வுக்குக் கொடுத்த நேரம் ஒன்றரை மணி. 150 கேள்விக்கு 90 நிமிஷம். கூச்சல் எழுந்தது. அக்டோபரில் துணைத் தேர்வு வைத்தார்கள்; நேரத்தை மூன்று மணியாக்கினார்கள். ஏறத்தாழ 19,000 பேர் தேறினார்கள்! மூன்று மாதத்தில் இவர்களுக்கு ஞானம் பிறந்துவிட்டதா? ஜூலையில் அளந்ததில் பெரும்பகுதி அறிவல்ல, கடிகாரம் என்பது இதிலிருந்தே தெரியவில்லையா?

ஆனாலும் தோழர்களே, உண்மையை மறைக்க வேண்டாம். மூன்று மணி நேரம் கொடுத்த பிறகும் பெரும்பாலோர் தேறவில்லை. அதற்குக் காரணம் நேரம் மட்டுமல்ல. பயிற்சியிலேயே கோளாறு இருக்கிறது.

நாற்றங்கால் யார் கையில்?

களத்தில் நிற்கிறவர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. நெல்லைத் தூற்றினால் பதர் பறக்கும், மணி விழும். தூற்றுவது அவசியம். ஆனால் எத்தனை முறை தூற்றினாலும் பதர் நெல்லாகுமா? மணி பிடிப்பது வயலில், களத்தில் அல்ல. பரீட்சை என்பது களம். பயிற்சிக் கல்லூரிதான் வயல். அந்த வயல் இன்று யார் கையில் இருக்கிறது?

தமிழ்நாட்டில் சர்க்கார் நடத்தும் பி.எட். கல்லூரிகள் 7. அவற்றில் ஒன்று நம் புதுக்கோட்டையில் இருப்பது நமக்குப் பெருமை. உதவி பெறும் கல்லூரிகள் 14. மீதியெல்லாம் தனியார் கல்லூரிகள், நூற்றுக்கணக்கில். சென்னை சைதாப்பேட்டைப் பயிற்சிக் கல்லூரி 1856-ல் தொடங்கியது. வெள்ளைக்கார சர்க்கார்கூட, வாத்தியாரைத் தயார் செய்வது தன் வேலை என்று ஓரளவுக்கு ஒப்புக்கொண்டது. சுதந்திர நாட்டிலோ அது வியாபாரமாகிவிட்டது.

நாம் வீம்புக்குச் சொல்லவில்லை. உச்சநீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா கமிஷன் 2012-ல் அறிக்கை கொடுத்தது. ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு தனியாரிடம் இருப்பதை அது எடுத்துக் காட்டியது. பயிற்சியை மட்டும் தனியாக நடத்தும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களில் பெரும்பான்மையானவை உருப்படியான பயிற்சி கொடுக்க முயலுவதுகூட இல்லை, காசுக்குப் பட்டம் விற்கின்றன என்று அந்தக் கமிஷனை மேற்கோள் காட்டி ஒன்றிய சர்க்காரின் 2020 கல்விக் கொள்கையே ஒப்புக்கொள்கிறது. விற்கிறவன் பிடிபடவில்லை, வாங்கியவள் மட்டும் பரீட்சையில் பெயிலாகிறாள்!

பி.எட். படிப்பு முன்பு ஒரு வருஷம். 2015-16 முதல் இரண்டு வருஷமானது. அதில் 20 வாரம் பள்ளிக்கூடத்தில் நின்று பழக வேண்டும் என்பது விதி. நல்ல விதி. கழனியில் இறங்காமல் நடவு வருமா? தறியைத் தொடாமல் நெசவு வருமா? அனுபவமுள்ள வாத்தியார் பின்னால் உட்கார்ந்து பார்க்க, பயிற்சி மாணவி பாடம் நடத்தி, எங்கே தப்பு என்று கேட்டுத் திருத்திக் கொள்ள வேண்டும். கையெழுத்து மட்டும் வாங்கிக் கொண்டு அந்த வாரங்களைக் கழித்துவிட்டால் இரண்டு வருஷம் என்ன, நான்கு வருஷம் ஆக்கினாலும் பயன் என்ன?

நம் தோழர் ஒருவர் நூற்பாலையில் வேலை பார்க்கிறார். மனைவி நடவுக்குப் போகிறார். மகள் கணக்கில் பட்டம் பெற்றாள். தோட்டை அடகு வைத்து ஒரு தனியார் கல்லூரியில் பி.எட். சேர்த்தார்கள். "தினம் வர வேண்டாம், பீஸைக் கட்டினால் போதும்" என்றார்களாம். அந்தப் பெண் அழுதுகொண்டு சொன்னாள்: "நான் கற்றுக்கொள்ளத்தானே வந்தேன்?" தோழர்களே, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது அவளா, சர்க்காரா?

சீட்டு உண்டு, வேலை இல்லை

அந்தப் பெண் விடாமல் படித்துத் தகுதித் தேர்விலும் தேறிவிட்டாள். வேலை கிடைத்ததா? டாக்டர் பட்டம் பெற்றுப் பதிவு செய்துகொண்டால் ஊசி போடலாம். வக்கீல் பதிவு செய்தால் வாதாடலாம். வாத்தியாரின் சீட்டோ, அடுத்த வாசலில் நிற்பதற்கான சீட்டு. 2018-ல் போட்ட அரசாணை 149-ன்படி, தகுதித் தேர்வில் தேறியவர்கள் வேலை பெற இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும். 2013-ல் தேறியவர்கள்கூடக் காத்திருந்து காத்திருந்து தலை நரைத்தார்கள். முதலில் சீட்டுக்கு ஏழு வருஷ ஆயுள்தான். 2021-ல் அது ஆயுட்காலம் முழுதும் செல்லும் என்றார்கள். சீட்டுக்கு ஆயுள் கூடியது. வயிற்றுக்கு என்ன கிடைத்தது? பட்டதாரி ஆசிரியர் போட்டித் தேர்வு 2024 பிப்ரவரியில்தான் நடந்தது. 2,222 இடம் என்று அறிவித்தபோது, நாற்பதாயிரம் பேருக்கு மேல் எழுதினார்கள்.

அப்படியானால் பள்ளிகளில் காலியிடம் இல்லையா? 2022-ல் சர்க்காரே 13,331 தற்காலிக ஆசிரியர்களை எடுக்க உத்தரவிட்டது. பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய்! அதற்கு முன் 2012-ல் ஓவியம், உடற்பயிற்சி போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். இது நமக்குப் புதிதா? ஆலையில் நிரந்தரத் தொழிலாளி செய்த வேலையை இன்று காண்டிராக்ட் தொழிலாளி செய்கிறான். முதலாளியிடம் சர்க்கார் பாடம் கற்றதா, சர்க்காரிடம் முதலாளி கற்றானா என்றுதான் தெரியவில்லை.

இருபது வருஷம் உழைத்தவர் கதி

2010 அறிவிக்கை, அதற்கு முன் வேலையில் சேர்ந்தவர்களுக்குத் தகுதித் தேர்விலிருந்து விலக்குக் கொடுத்திருந்தது. 2025 செப்டம்பர் 1-ல் உச்சநீதிமன்றம் வேறு தீர்ப்புச் சொன்னது. ஓய்வு பெற ஐந்து வருஷத்துக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு வருஷத்துக்குள் தேற வேண்டும். இல்லாவிட்டால் வேலையை விட்டுப் போக வேண்டும். ஐந்து வருஷத்துக்குள் ஓய்வு பெறுபவர்கள் வேலையில் நீடிக்கலாம். ஆனால் பதவி உயர்வு கிடையாது. மறுபரிசீலனை கேட்டுத் தமிழ்நாடு சர்க்கார் மனுச் செய்தது.

இங்கே நம்மில் சிலர் சொல்வது காதில் விழுகிறது. "வாத்தியார் கைநிறையச் சம்பளம் வாங்குகிறார். ஒரு பரீட்சை எழுதினால் என்ன?" நியாயமான கேள்விதான். நம் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருகிறவருக்குப் பாடம் தெரிய வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. வகுப்புக்கு வராமல் வட்டிக்கு விட்டுத் திரிகிறவரைக் கண்டிக்கவும் நாம் தயங்கப் போவதில்லை.

ஆனால் இந்தப் பரீட்சை எதைக் கேட்கிறது? இருபது வருஷம் தமிழ் நடத்தியவர் 60 மார்க்குக்குக் கணக்கும் விஞ்ஞானமும் எழுத வேண்டும். அல்லது சமூக அறிவியல் எழுத வேண்டும். பயந்து நிற்கிற பிள்ளையைப் பேச வைக்கத் தெரியுமா, முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவனுக்குப் பின்னத்தை எப்படி விளக்குவார் என்று நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்கிக் காட்ட முடியுமா? ஆலையில் புது மெஷின் வந்தால், பழைய தொழிலாளிக்குப் பயிற்சி கொடு என்று கேட்கிறோம். "நாளைக்கே ஓட்டு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ" என்று முதலாளி சொன்னால் சும்மா இருப்போமா? நமக்கொரு நியாயம், வாத்தியாருக்கு ஒரு நியாயமா?

வெளியே பாருங்கள்

பின்லாந்து என்ற சின்ன நாட்டில், 1979 முதல் பள்ளி ஆசிரியராக முதுகலைப் பட்டம் வேண்டும். அந்தப் படிப்புக்கு அந்நாட்டு மாணவர்கள் கட்டணம் செலுத்துவதில்லை. பல்கலைக்கழகமே பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. சேரும்போதுதான் கடுமையாகப் பொறுக்கி எடுக்கிறார்கள். படித்து முடித்தால் அந்தப் பட்டமே அனுமதிச் சீட்டு. மேலே நாடு தழுவிய தகுதித் தேர்வு எதுவும் இல்லை. அங்கே வாசலில் பொறுக்கி, உள்ளே பண்படுத்துகிறார்கள். இங்கே வாசலைக் காசுக்குத் திறந்து வைத்துவிட்டு, வெளியேறும்போது பிடித்துத் தள்ளுகிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? 1991-ல் இதே புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. கல்லுடைக்கிற பெண்களும் களை பறிக்கிற பெண்களும் எழுத்துக் கற்றார்கள், சைக்கிள் ஏறினார்கள். சம்பளம் வாங்காத ஆயிரக்கணக்கான தொண்டர்கள் சொல்லித் தந்தார்கள். அந்தத் தொண்டர்களையும் பயிற்சி கொடுத்துத்தான் அனுப்பினார்கள், சும்மா அனுப்பவில்லை. அன்று கையெழுத்துக் கற்ற தாயின் பேத்திதான் இன்று ஏழாம் வகுப்பில் இயற்கணிதம் படிக்க உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குத் தொண்டர் போதாது. முழுப் பயிற்சி பெற்ற, முழுச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் வேண்டும்.

நாம் கேட்பது

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

1. பி.எட். பயிற்சியைச் சர்க்கார் தன் பொறுப்பில் எடுக்க வேண்டும். அரசுக் கல்லூரிகளும் இடங்களும் பெருக வேண்டும். உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை வேண்டும்.

2. வருகையில்லாமல் பட்டம் விற்கும் கல்லூரிகளை மூட வேண்டும். அங்கே ஏமாந்த மாணவர்களை அரசுக் கல்லூரிகளில் சேர்த்துப் பயிற்சி கொடுக்க வேண்டும்.

3. தகுதித் தேர்வில் தேறியவருக்கு இரண்டாவது போட்டித் தேர்வு கூடாது. காலியிடங்களில் முறையான சம்பளத்தில் நிரந்தரமாக நியமிக்க வேண்டும்.

4. வேலையில் இருப்போருக்குப் பயிற்சிதான் முதலில்; அதுவும் வேலை நாளில், சம்பளத்தோடு. தேர்வைக் காட்டி யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

தோழர்களே! உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு, வேலை முடிந்து அழுக்கு வேட்டியோடு போனாலும் சரி, போங்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்குக்கு யார், விஞ்ஞானத்துக்கு யார், எத்தனை இடம் காலி என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எல்லா ஊர்க் கணக்கையும் சேர்த்துக் கலெக்டர் அலுவலகத்துக்குக் கொண்டுபோவோம். ஆசிரியர்களும் நம்மோடு வரட்டும். அவர்கள் நம் பிள்ளைகளுக்காக நிற்கட்டும். நாம் அவர்கள் வேலைக்காக நிற்போம்.

தூற்றுகிறவர்கள் தூற்றட்டும். நாம் வயலைக் கேட்போம்!