பச்சையாக வாந்தி எடுத்தால்

'கக்குற பிள்ளை தக்கும்' என்பது பாட்டிமார் சொல். வெள்ளையாகக் கக்கும் பாலுக்கு அது சரி. பிறந்த குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் கதை வேறு.

அந்தப் பச்சை, பித்தநீரின் நிறம். கீழே இறங்க வழியில்லாதபோது அது மேலேறி வருகிறது. சில குழந்தைகளுக்குக் கருவிலேயே குடலின் ஒரு பகுதி மூடிப்போயிருக்கும். முன்சிறுகுடலில் இந்த அடைப்பு ஏறத்தாழ 5,000 முதல் 10,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. கர்ப்பகால ஸ்கேனிலேயே பனிக்குட நீர் மிகுந்து தெரியலாம். பிறந்தபின் எக்ஸ்ரேயில் இரைப்பை ஒரு குமிழியாகவும் வீங்கிய குடல் இன்னொரு குமிழியாகவும் தெரியும். குடல் முறுக்கிக்கொண்டாலும் இதே பச்சைதான். அப்போது சில மணி நேரத்தில் குடலே அழுகிவிடும்.

கிரகணத்தில் வெளியே வந்தாள், பப்பாளி தின்றாள் என்று தாயைக் குற்றம் சொல்லும் வீடுகள் இன்றும் உண்டு. அது பெரும் அநியாயம். காரணம் வேறு. 1955-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் மருத்துவர்கள் லோவும் பர்னார்டும் நாயின் கருவிலிருந்த குட்டிகளின் குடலுக்குப் போகும் ரத்தத்தைத் தடுத்துப் பார்த்தார்கள். குட்டிகள் குடல் அடைப்போடு பிறந்தன. சிறுகுடலின் கீழ்ப்பகுதி அடைப்புகள் பலவற்றுக்கு ரத்த ஓட்டம் தடைபட்டதே காரணம் என்று அப்போது தெரிந்தது. அடைப்பை ஒட்டி வீங்கிச் செயலிழந்த பகுதியை வெட்டி நீக்கிவிட்டுக் குடலை இணைக்கத் தொடங்கினார்கள். பிழைத்த குழந்தைகள் பெருகினார்கள். 1967-இல் மனித இதயத்தை முதன்முதலில் மாற்றிப் பொருத்தியவர் இதே பர்னார்டுதான்.

சென்னையில் தாம்பரம், சேலையூர், முடிச்சூர் பக்கம் பிறக்கும் குழந்தைக்கு இந்த அறுவை சிகிச்சை வேண்டுமென்றால் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை ஒருபுறம், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மறுபுறம். ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசலில் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு கிளம்பக் கூடாது. பிரசவம் பார்த்த மருத்துவமனையிலேயே பாலை நிறுத்தி, மூக்கு வழியே குழாய் விட்டு வயிற்றை வடித்து, டிரிப்ஸ் ஏற்றி, உடல் குளிராமல் பார்த்து அனுப்ப வேண்டும். பச்சிளம் குழந்தைகளுக்கென இன்குபேட்டர் உள்ள 108 வண்டியைக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் பச்சை தெரிந்தால் உரை மருந்து வேண்டாம், மாந்தம் என்று காத்திருக்கவும் வேண்டாம். வாந்தி பட்ட துணியைத் துவைக்காமல் கையோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.