ஒரு சன்னல் போதும்



எங்கள் வியாசர்பாடியில் துக்க வீடுகளுக்குச் செல்லும்போது நான் காண்பது ஒன்றுண்டு. ஆலையிலும் துறைமுகத்திலும் ஆயுள் முழுதும் உழைத்தவருக்கு நல்ல படம் ஒன்றேனும் இராது. அடையாள அட்டையிலுள்ள மங்கிய முகத்தையே பெரிதாக்கி மாலையிடுவார்கள். இக்குறையை நீங்களே நீக்கலாம்.

முகப்படத்திற்குப் பெரிய ஸ்டுடியோ வேண்டுமென்பதில்லை. கல்கத்தாவில் 1815-இல் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார், தம் 48-ஆம் வயதில், 1863-இல், மகள் பரிசளித்த கேமராவைக் கொண்டு இங்கிலாந்தில் தம் வீட்டிலேயே இக்கலையைத் தொடங்கினார். கண்ணாடி பதித்த கோழிக்கூடே அவருக்குப் படக்கூடம். நிலக்கரி அறையே இருட்டறை. பின்னர் இலங்கையில் குடியேறி, அங்கும் உழைப்பாளர்களைப் படமெடுத்தார். 1879-இல் அங்கேயே மறைந்தார்.

சோதனை எளிது. சன்னலின் ஒளி முகத்தின் ஒருபுறம் சாய்வாக விழுமாறு ஒருவரை அமர்த்துங்கள். ஒளி நேரே விழுந்தால் முகம் தட்டையாகத் தோன்றும். சாய்ந்து விழுந்தால் நிழல் உண்டாகி, மூக்கும் கன்னமும் உருப்பெறும். நிழல் மிகுந்தால், மறுபுறம் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடியுங்கள்; அது ஒளியைத் திருப்பியனுப்பும். இரவில் ஒரு மின்விளக்கு போதும். ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு அதை நகர்த்தினால், முகத்தில் விழும் ஒளி ஏறத்தாழக் கால் பங்காகிவிடும். பௌதிகப் பாடத்தில் படித்த விதியைக் கண்ணாலேயே காண்பீர்கள்.

கைப்பேசியின் கேமராவே போதும். நாளைக் காலையில் உங்கள் தந்தையைச் சன்னலருகே அமரச் சொல்லுங்கள்.