வானொலி நெல்லும் பொன்னியும்



வளரும் நாடுகளுக்கிடையே விஞ்ஞானக் கூட்டுறவு என்பது இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இதைக் கேட்டவுடன் மாநாட்டு மண்டபங்களும், வரிசையாக நட்ட கொடிகளும், கையொப்பமிட்ட உடன்படிக்கைகளும் உங்கள் நினைவுக்கு வரலாம். அவை ஒருபுறம் இருக்கட்டும். நான் உங்களை அழைத்துச் செல்லவிருப்பது நெல் வயலுக்கு.

தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் கட்டுரைப் போட்டித் தாள்கள் பலவற்றை நான் திருத்தியிருக்கிறேன். விஞ்ஞானம் பற்றிய தலைப்புகளில் ஒரு கருத்து மீண்டும் மீண்டும் வரும். 'ஆராய்ச்சிக்குப் பெரும்பொருள் வேண்டும். செல்வ நாடுகள் கண்டுபிடிக்கட்டும். ஏழை நாடுகள் அவற்றை வாங்கிப் பயன்படுத்திக்கொண்டால் போதும்' என்பதே அது. மாணவர்கள் மட்டுமல்லர், பெரியோரும் இவ்வாறு எண்ணுவதுண்டு. இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதை ஒரு நெல்மணியைக் கொண்டே ஆராய்ந்து பார்க்கலாம்.

1943-ஆம் ஆண்டில் வங்காளத்தில் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி போரினால் நின்றது. முந்திய ஆண்டின் நெற்பயிரைப் பூஞ்சண நோய் தாக்கியிருந்தது. விலையேற்றமும் ஆட்சியாளரின் பிழைகளும் சேர்ந்துகொண்டன. இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அந்தத் துயரத்தின் நிழலிலே, 1946-ஆம் ஆண்டில், ஒரிசாவிலுள்ள கட்டாக் நகரில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அதன் முதல் இயக்குநர் கே. இராமையா. கோயமுத்தூரில் நெல்லினத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து தேர்ச்சி பெற்றவர் அவர்.

அப்போது ஆசிய நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் இடர் இருந்தது. நம் நாட்டிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் விளைந்த நெல் 'இண்டிகா' என்னும் இனத்தைச் சேர்ந்தது. வெள்ளத்தையும் வறட்சியையும் பூச்சியையும் ஓரளவு தாங்கும்; அரிசியும் நம் வாய்க்கு ஏற்றது. ஆனால் நெடிது வளரும். உரம் கூடுதலாக இட்டால் பயிர் மேலும் உயர்ந்து, கதிர் முற்றும் நேரத்தில் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். சாய்ந்த நெல் சேற்றில் கிடந்து அழுகும், அல்லது முளைத்துப்போகும். 'ஜப்பானிகா' என்னும் மற்றோர் இனம் ஜப்பானில் விளைந்தது. அது குட்டையானது, உரத்தை ஏற்று மணியாக மாற்றவல்லது. ஆனால் அதை நம் வெப்பத்தில் அப்படியே விதைத்தால் தேறாது. அதன் அரிசியும் சமைத்தால் ஒட்டிக்கொள்ளும், நம்மவர் விரும்பார்.

இரண்டினத்தையும் கலந்து, இரண்டின் நற்குணங்களும் கொண்ட நெல்லைப் பெற இயலாதா? இந்த யோசனையை இராமையா முன்வைத்தார். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தின் கீழ் 1949-இல் அமைந்த சர்வதேச நெல் ஆணையம் அதனை ஏற்றுக்கொண்டது. 1950-களின் தொடக்கத்தில் கட்டாக்கில் வேலை தொடங்கியது. தெற்காசிய, தென்கிழக்காசிய நாடுகள் பலவும் தத்தம் சிறந்த நெல் விதைகளை அங்கே அனுப்பின. கட்டாக்கில் அவற்றை ஜப்பானிகா வகைகளோடு கலந்து, இரண்டாம் தலைமுறை விதையை அந்தந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புவது ஏற்பாடு. அந்த நாடுகளுள் பல, விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆனவை. சில இன்னும் பெறாதவை.

நெல்லைக் கலப்பது என்றால் என்ன என்று சற்று விளக்க வேண்டும். நெற்பூ தன்னைத் தானே சூலுறச் செய்துகொள்ளும் இயல்புடையது. ஆகவே, பூ விரிவதற்கு முன்பே அதன் உமியைத் திறந்து அல்லது நறுக்கி, உள்ளேயிருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் நுண்ணிய இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். ஒன்று தங்கினாலும் உழைப்பு வீண். பிறகு வேறு வகை நெல்லின் மகரந்தத்தை அதன்மேல் உதிர்த்து, உறையிட்டுக் காக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டும் ஒரு பூவுக்கு ஒரு மணிதான். அந்த மணியிலிருந்து வளரும் முதல் தலைமுறைப் பயிர்கள் ஒரே சீராக இருக்கும். அவற்றின் விதையை விதைத்தால், இரண்டாம் தலைமுறையில் நெட்டையும் குட்டையும், முன்னே விளைவதும் பின்னே விளைவதுமாக எல்லாம் பிரிந்து தோன்றும். மெண்டல் பட்டாணிச் செடியில் கண்டதை நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள், அதே நியதிதான். அவற்றிலிருந்து வேண்டியதைப் பொறுக்கி, ஆண்டுதோறும் விதைத்து, மீண்டும் பொறுக்கிக் குணம் நிலைத்த இரகத்தை அடையப் பல போகங்கள் ஆகும்.

இந்த இரண்டு இனங்களைக் கலப்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. உறவில் அவை சற்று எட்டியவை. ஆதலால் கலப்புப் பயிரின் கதிரில் பாதிக்கு மேல் பதராகப் போவதுண்டு. பார்வைக்கு அழகான கதிர். கையில் எடுத்தால் கனமில்லை. அந்தக் கலப்பு வேலையில் ஈடுபட்டிருந்த இளம் விஞ்ஞானிகளுள் ஒருவர், 1954-இல் சில காலம் கட்டாக்கில் பணியாற்றிய எம். எஸ். சுவாமிநாதன்.

பலன் என்ன? 700-க்கும் மேற்பட்ட கலப்புகள் செய்யப்பட்டன. வயலுக்கு வந்து நிலைபெற்றவை நான்கே இரகங்கள். நம் ஆடுதுறை 27 ஒன்று; மலாயாவின் மாலிஞ்சா, மசூரி என்பன இரண்டு; ஆஸ்திரேலியாவில் ஒன்று. கணக்குப் பார்ப்பவர் இதைத் தோல்வி என்பர். அந்நாளிலும் அப்படிச் சொன்னவர்கள் இருந்தனர். அந்த நான்கனுள் இரண்டைப் பற்றிக் கேட்டபின் நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஆடுதுறை 27-இன் பெற்றோருள் ஒன்று நோரின் 10 என்னும் ஜப்பானிய நெல். (கோதுமையிலும் நோரின் 10 என்று புகழ்பெற்ற வகை ஒன்று உண்டு; பெயர் ஒன்றே தவிர அது வேறு, இது வேறு.) மற்றொன்று நம் கோயமுத்தூர் நிலையத்தில் தோன்றிய ஜி.இ.பி. 24, கிச்சிலிச் சம்பா என்றால் உங்கள் பாட்டிமார்க்கு உடனே விளங்கும். கட்டாக்கிலிருந்து வந்த விதையைத் தஞ்சை மாவட்டத்து ஆடுதுறை நிலையத்தார் பொறுக்கி வளர்த்து, சுமார் 105 நாட்களில் அறுவடைக்கு வரும் குறுவை நெல்லாக ஆக்கினர். 1960-களின் நடுவில் அது உழவர் கைக்கு வந்தது. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையத்தின் பண்ணை ஒலிபரப்பு, எப்போது நாற்று விடுவது, எவ்வளவு உரம் இடுவது என்று நாள்தோறும் எடுத்துச் சொல்லிற்று. எண்ணும் எழுத்துமான பெயர் உழவர் நாவில் நிற்கவில்லை. 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் பக்கத்து முதியோர் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். வானொலிப் பெட்டிக்குள் நெல் விளையுமா என்று விளங்காமல் விழித்ததும் உண்டு. சில ஆண்டுகளில் அதனினும் மேலான இரகங்கள் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. பயிர்களின் உலகில் அது இயல்பே.

மசூரியின் வரலாறு இன்னும் சுவையுடையது. தைவானில் உருவான தைச்சுங் 65 என்னும் ஜப்பானிகா வகையும், மலாயாவின் மாயாங் எபோஸ் 80 என்னும் நெல்லும் அதன் பெற்றோர். கலந்த இடம் கட்டாக். விதை மலாயாவுக்குச் சென்றது. அங்கே கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்திருந்த ஜப்பானிய வல்லுநரும் உள்ளூர் ஆராய்ச்சியாளரும் சேர்ந்து அதனைப் பொறுக்கியெடுத்தனர். முதலில் வந்த நெல்லுக்கு மலாயா, இந்தியா, ஜப்பான் ஆகிய மூன்று பெயர்களின் முதலெழுத்துகளையும் சேர்த்து மாலிஞ்சா என்று பெயரிட்டனர். அடுத்ததற்கு, லங்காவித் தீவின் பழங்கதையில் வரும் மங்கையின் பெயரைச் சூட்டினர். 1965-இல் மசூரி வெளியாயிற்று.

பின்னர் அந்த மசூரி இந்தியாவுக்குத் திரும்பி வந்தது. தமிழ்நாட்டில் அதற்குக் காவிரியின் பெயரையே வைத்தார்கள். ஆம், நாம் நாள்தோறும் உண்ணும் பொன்னி அரிசியின் பிறப்பு இதுதான். ஆந்திரத்தின் பாபட்லா நிலையத்தார், ஜி.இ.பி. 24, தைவானின் தைச்சுங் நேட்டிவ் 1, மசூரி ஆகிய மூன்றையும் இணைத்து 1986-இல் ஓர் இரகம் வெளியிட்டனர். அது சம்பா மசூரி. நம் அரிசிக் கடைகளில் ஆந்திரப் பொன்னி என்று விற்கப்படுவது. 'எங்கள் ஊர் நெல்' என்று பெருமையோடு நாம் சொல்லும் ஒன்றில் எத்தனை ஊர்கள் அடங்கியிருக்கின்றன என்பதைப் பாருங்கள்.

இங்கே நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கட்டாக் அனுப்பியது முடிந்த பொருளன்று. ஆயிரம் விதமாகப் பிரியக்கூடிய இரண்டாம் தலைமுறை விதை. அதிலிருந்து தன் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுக்கும் கண் அந்தந்த நாட்டிலேயே இருந்தாக வேண்டும். கோயமுத்தூரில் நெல் ஆராய்ச்சி 1912-இலும், ஆடுதுறையில் 1922-இலும் தொடங்கிவிட்டது. அங்கே பல ஆண்டுகள் பயிரைப் பார்த்துப் பழகியவர்கள் இருந்தார்கள். அதனால்தான் வந்த விதை வீணாகவில்லை. அத்தகைய நிலையமும் பயின்ற ஆட்களும் இல்லாத நாட்டின் கையில் அதே பை கிடைத்திருந்தால், கலவையான சோற்றுக்குத்தான் ஆகியிருக்கும். 'கண்டுபிடித்ததை வாங்கிக்கொள்வோம்' என்பவர், வாங்குவதற்கும் அறிவு வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு நாட்டில் கவனிப்பாரற்றுக் கிடப்பது மற்றொரு நாட்டுக்கு உயிர்மருந்தாவதும் உண்டு. 1970-களில் தென்கிழக்கு ஆசியாவில் புல்குட்டை நோய் என்னும் நச்சுயிரி நோய் நெல்லைச் சூறையாடியது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 6,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்துப் பார்த்தனர். எதிர்த்து நின்றது ஒன்றே ஒன்று. உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரு காட்டுநெல். களையென்று எவரும் பிடுங்கி எறியக்கூடியது. அதன் குணம் ஏறிய புதிய இரகங்கள் ஆசியாவெங்கும் பரவின. கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை நடந்த கொடுங்கோலாட்சியில் அந்நாட்டின் பழைய நெல் வகைகள் பல அழிந்தன. முன்பே அந்நிலையத்தின் விதைக் களஞ்சியத்தில் சேமித்து வைத்திருந்த கம்போடிய விதைகள் 1980-களில் அந்நாட்டுக்கே திரும்பக் கிடைத்தன.

இனி, ஆட்களைப் பற்றி. விதையைக் களஞ்சியத்தில் வைக்கலாம். விஞ்ஞானியைத் தன் நாட்டிலேயே தக்கவைத்துக்கொள்வது கடினம். அப்துஸ் சலாம் என்ற பௌதிக மேதையின் கதை இதற்குச் சான்று. 1926-இல் பஞ்சாபில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பயின்று 1951-இல் லாகூருக்குத் திரும்பிப் பேராசிரியரானார். அங்கே கலந்து பேச ஒரு துணையில்லை. புதிய ஆராய்ச்சி இதழ்கள் இல்லை. கல்லூரியில் அவருக்குக் கிடைத்த கூடுதல் பொறுப்பு கால்பந்துக் குழுவை மேற்பார்வையிடுவது! நல்ல விளையாட்டுதான், ஆயினும் அதற்கு அவரை விட்டால் ஆளில்லையா? மூன்றாண்டு பொறுத்துப் பார்த்து, 1954-இல் அவர் மீண்டும் இங்கிலாந்து சென்றார். நாட்டை விடுவது அல்லது ஆராய்ச்சியை விடுவது என்ற இக்கட்டு இனி வேறொருவருக்கு நேரக்கூடாது என்று உறுதி கொண்டார்.

1960-இல் அவர் ஒரு யோசனை கூறினார். ஏழை நாட்டு விஞ்ஞானி தன் நாட்டிலேயே வேலை பார்க்க வேண்டும். ஆனால் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குள் சில முறை, சில வாரமோ மாதமோ, ஒரு சர்வதேச நிலையத்துக்கு வந்து, உலகின் முன்னணி ஆராய்ச்சியாளரோடு கலந்து பழகிவிட்டுத் திரும்ப வேண்டும். எதிர்ப்பு எழுந்தது. கோட்பாட்டுப் பௌதிகம் ரோல்ஸ் ராய்ஸ் கார் போன்றது, வளரும் நாடுகளுக்கு மாட்டு வண்டியே போதும் என்ற பொருள்பட ஒரு பிரதிநிதி பேசினாராம். மாட்டு வண்டியில் போனவர்களைக் கேட்டால் தெரியும். அச்சு முறிந்தால் அதைச் செப்பனிடவும் தச்சன் ஒருவன் ஊரில் இருக்க வேண்டும். இத்தாலி அரசாங்கம் ஆதரவு தர, 1964-இல் திரியெஸ்தே நகரில் அந்நிலையம் தொடங்கியது. சலாம் 1979-இல் நோபல் பரிசு பெற்றார். 1983-இல் அதே நகரில் மூன்றாம் உலக விஞ்ஞானக் கழகத்தை நிறுவினார். 1996-இல் அவர் காலமான பின், திரியெஸ்தே நிலையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அவர் நிறுவிய கழகத்துக்கு நம் நாட்டு இரசாயன அறிஞர் சி. என். ஆர். ராவ் சில ஆண்டுகள் தலைவராக இருந்தார்.

இன்று அக்கழகத்தின் உதவித்தொகை பெறும் இளைஞர்களுள் பலர் ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போவதில்லை. இந்தியா, சீனா, பிரேசில் முதலிய நாடுகளின் ஆய்வுக்கூடங்களுக்கே வருகிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவின் பிற பகுதிகளிலிருந்தும் வருபவர் பலர். உங்களில் சிலர் பிற்காலத்தில் அப்படிப்பட்ட ஒருவரோடு ஒரே மேசையில் வேலை செய்ய நேரலாம். அப்போது அவர் ஊரில் என்ன பயிர் விளைகிறது, அதற்கு அங்கே ஆராய்ச்சி நிலையம் உண்டா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்டுப் பாருங்கள். அவரும் உங்களைக் கேட்பார். பொன்னியைப் பற்றிச் சொல்ல உங்களிடம் செய்தி இருக்கிறது.