கையெழுத்து எல்லை தாண்டுமா?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இந்தக் கல்லூரியில் பி.யூ.சி. முடித்து, கட்டடக்கலை படித்து, அதன்மேல் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சரும் படித்தவன் நான். ஊருக்கு வந்தபோது மாமா கேட்டார்: "ஏம்ப்பா, இவ்வளவு படிச்சது தோட்டம் போடத்தானா?" அவரைப் பல்லவன்குளக் கரைக்கு அழைத்துப் போனேன். 1878-இல் திவானாக வந்த சேஷய்யா சாஸ்திரி நம் ஊர்க் குளங்களைச் செப்பனிட்டவர். மழைத்தண்ணி எங்கே ஓடணும், எங்கே தேங்கணும், மரம் எங்கே நிற்கணும், மனுஷன் எங்கே உட்காரணும் என்று திட்டமிடுவதுதான் என் வேலை என்றேன். "அப்படின்னா பெரிய வேலைதான்" என்றார்.

அந்தப் பெரிய வேலையை வெளிநாடு ஒன்றில் பல ஆண்டுகள் செய்தேன். ஒரு பூங்காவுக்கு மேடுபள்ளம் முதல் மரவரிசை வரை நானே வரைந்தேன். அனுமதிக்குப் போனபோது வரைபடத்தின் மூலையில் வேறொருவர் முத்திரை. அந்நாட்டு உரிமம் அவரிடம் இருந்தது. என்னிடம் பட்டம் மட்டும்தான். சம்பளத்திலும் அந்த வித்தியாசம் தெரிந்தது. யாரையும் குறை சொல்லவில்லை. அங்கே சட்டம் அப்படி. ஆனால் புறப்படுமுன் எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை. அதனால்தான் இன்று சொல்கிறேன்.

பட்டம் வேறு, உரிமம் வேறு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் தனி உரிமம்; கலிபோர்னியா 1953-லேயே சட்டம் செய்துவிட்டது. பட்டம், அனுபவம், எல்.ஏ.ஆர்.இ. என்ற தேர்வு எல்லாம் பார்ப்பார்கள். பிரிட்டனில், 1997-இல் அரச சாசனம் பெற்ற லேண்ட்ஸ்கேப் இன்ஸ்டிடியூட் தேர்வு வைத்து 'சார்ட்டர்டு' என்ற தகுதி தருகிறது. வேலை செய்ய அது சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் மதிப்பு அதற்குத்தான்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் கட்டடக்கலைஞர்களுக்கு ஒரு கவுன்சிலையும் பதிவேட்டையும் தந்தது. வெளிநாட்டு அமைப்புகளோடு பேசி, ஒருவர் பட்டத்தை மற்றவர் ஏற்கும் ஏற்பாட்டுக்கு அதன் 15-ஆம் பிரிவு வழிவிடுகிறது. பொறியியலில் 2014-இல் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பினரானது. அதிலும் ஏற்கப்படுவது படிப்புதான், உரிமம் அல்ல.

எங்கள் தொழிலுக்கோ தனிச் சட்டமும் இல்லை, பதிவேடும் இல்லை. 2003-இல் தொடங்கிய ஐசோலா என்ற அகில இந்திய சங்கம் இருக்கிறது. 1948-இல் பிறந்த இஃப்லா என்ற உலகக் கூட்டமைப்பில் அதுவும் உறுப்பினர். நல்ல சங்கம்தான். ஆனால் உரிமம் தரும் அதிகாரத்தைச் சட்டம் அதற்குக் கொடுக்கவில்லை. சம்பந்தம் பேச இரண்டு வீட்டாரும் உட்கார வேண்டாமா? நம் பக்கம் பாய் காலியாகக் கிடக்கிறது. முதலில் நம் நாட்டிலேயே ஒரு பதிவேடு வேண்டும். அதைக் கேட்கும் குரல்களில் உங்கள் குரலும் சேரட்டும்.

அதுவரை, தம்பி தங்கைகளே, மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, எந்த நாட்டுக்குப் போக ஆசையோ, அந்த நாட்டில் உரிமம் தரும் அமைப்புக்கு, படிப்பில் சேருமுன்பே எழுதிக் கேளுங்கள். ஏஜெண்ட் வாயால் சொல்வதை நம்பாதீர்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும். இரண்டு, பாடத்திட்டம், மதிப்பெண் பட்டியல் ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். இருபது வருஷம் கழித்தும் கேட்பார்கள். மூன்று, செய்த வேலைக்கெல்லாம் மேலதிகாரியிடம் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். நர்சிங்கோ, பொறியியலோ, எந்தத் தொழிலுக்கும் இது பொருந்தும்.

சித்தன்னவாசல் தாமரைக் குளத்தைத் தீட்டிய கை யாருடையது என்று நமக்குத் தெரியாது. அது அந்தக் காலம். நீங்கள் வரையும் குளத்தின் மூலையில் உங்கள் பெயர் இருக்கட்டும்.