கதையில் காட்சி அமைத்தல்
(வெள்ளி விழா இலக்கிய அரங்கில் ஆற்றிய உரை)



மஞ்சூரில் இன்று பனி இறங்கி, எதிரே இருப்பவர் முகமும் தெரியாத நேரத்திலும் இவ்வளவு பேர் கூடியிருப்பது மகிழ்ச்சி அளிக்கிறது. எழுத்துக்கும் நம் சமுதாயத்துக்கும் இந்த மலையில் பழைய உறவு உண்டு. 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் தம் இளமைக் காலத்தில் வாழ்ந்தது இந்த நீலகிரியில்தான். அவ்வழி வந்த நாம் இன்று கதை எழுதப் பழகுவது புதுமையன்று, கடமையாகும்.

சங்கத்து இளைஞர்கள் எழுதிய சிறுகதைகள் சிலவற்றை நாம் படித்தோம். அவற்றில் உண்மை இருக்கிறது, கோபமும் இருக்கிறது. ஆயினும், 'அவள் துன்பக் கடலில் மூழ்கினாள்', 'கொடுமை தலைவிரித்தாடியது' என்னும் தொடர்களே பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. இவை செய்திகள், காட்சிகள் அல்ல. செய்தியைப் படிப்பவர் 'அப்படியா' என்பார். காட்சியைப் படிப்பவரோ அவ்விடத்தில் தாமே நின்றவர் ஆவார்.

இக்குறை நம்மிடமும் இருந்தது. கல்லூரி நாட்களில் நாம் ஒரு கதை எழுதினோம். தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்த நம் தாயாருக்கு நிறுவையில் நேர்ந்த அநீதியே அதன் பொருள். 'ஐயகோ! ஏழையின் உழைப்பு களவாடப்பட்டதே!' என்று முழங்கியிருந்தோம். எழுதப் படிக்கத் தெரியாத தாயாருக்கு அதைப் படித்துக் காட்டினோம். பொறுமையாகக் கேட்டவர், "ஏம்ப்பா, அன்னைக்கு மழை பெஞ்சிச்சே, அதை ஏன் எழுதலே?" என்று கேட்டார்.

அக்கேள்வியே நமக்குப் பாடமாயிற்று. கொழுந்தில் ஈரம் இருக்கிறதென்று சொல்லித்தான் அன்று எடையைக் குறைத்தார்கள். மழை இல்லையேல் அந்த அநீதி நடந்த விதமே இல்லை. தாயார் அப்போது ஒரு சொல்லும் பேசவில்லை. வெறுங்கூடையைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த நான்கைந்து கொழுந்துகளைப் பொறுக்கித் தராசுத் தட்டில் வைத்துவிட்டு, முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். நம் முழக்கம் அனைத்தையும் அச்செய்கை ஒன்றே சொல்லியிருக்கும். நாமோ அதை விட்டுவிட்டு முழக்கத்தை எழுதினோம்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? காட்சிக்கு ஓர் இடமும் ஒரு பொழுதும் வேண்டும். அங்கே ஒருவருக்கு ஒன்று வேண்டியிருக்க வேண்டும். அதை மற்றொன்று தடுக்க வேண்டும். காட்சி முடியும்போது ஏதேனும் ஒன்று மாறியிருக்க வேண்டும். எதுவும் மாறாவிடில் அது வருணனையே ஆகும்.

பாமா 1992-இல் வெளியிட்ட 'கருக்கு' தன்வரலாறே எனினும், காட்சிக்கு அதனினும் நல்ல பாடநூல் கிடைப்பது அரிது. பள்ளி விட்டு வரும் சிறுமி, தம் தெருப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கயிற்றைப் பிடித்துத் தூக்கிச் செல்வதைக் காண்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டில் அண்ணனிடம் சொல்கிறாள்; அண்ணன் சிரிக்கவில்லை. பொட்டலத்தை வாங்கப்போகும் நிலக்காரருக்குத் தீட்டுப் பட்டுவிடும் என்பதே காரணம் என்கிறான். சிரிப்பு அங்கே சினமாகிறது. தீண்டாமை பற்றிய சொற்பொழிவு எதுவும் அங்கே தேவைப்படவில்லை. ஒரு கயிறு போதுமானதாயிற்று. குழந்தையின் கண்ணால் கண்டதனால், அவளோடு சேர்ந்து சிரித்த நமக்கும் வெட்கம் உண்டாகிறது.

காட்சியை எங்கே தொடங்குவது என்பது அடுத்த வினா. பூமணியின் 'வெக்கை' 1982-இல் வந்தது. பதினைந்து வயதுச் சிதம்பரம் ஒருவனை வெட்டிவிட்டான் என்பதிலேயே நாவல் தொடங்குகிறது. கையை வெட்டவே அவன் நினைத்தான்; உயிரே போய்விட்டது. காரணங்களை ஆசிரியர் முன்னுரையாக அடுக்கவில்லை. தந்தையும் மகனும் காடுகளில் ஒளிந்து திரியும்போது, பேச்சிலும் நினைவிலும் அவை சிறிது சிறிதாக வெளிப்படுகின்றன. நம் இளைஞர்களோ கதாநாயகன் பிறந்த ஊர், பெற்றோர், படிப்பு என மூன்று பக்கம் எழுதிய பின்னரே நிகழ்ச்சிக்கு வருகிறார்கள். அம்மூன்று பக்கங்களை நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள், கதை நிற்கும்.

இன்னொன்றும் கூற வேண்டும். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய இமையம் 1994-இல் 'கோவேறு கழுதைகள்' நாவலை வெளியிட்டார். ஒடுக்கப்பட்ட மக்களுக்கே துணி வெளுக்கும் ஆரோக்கியம் என்னும் பெண்ணின் துயரம் அது. அவளை அலைக்கழிப்பவர்கள் நம்மவர்களே. இதை எழுதலாமா என்று அன்று சிலர் சினந்தார்கள். எழுதத்தான் வேண்டும். நிறுவைக்காரரின் அநீதியை எழுதும் கை, நாள் முழுதும் கொழுந்து பறித்து வந்த பெண் தன் வீட்டில் எல்லோரும் உண்ட பின் சட்டியைச் சுரண்டி உண்பதையும் எழுத வேண்டும். பாதி உண்மையை எழுதினால் படிப்பவர் மீதிப் பாதியையும் நம்பமாட்டார்.

இளைஞர்களே! நம் மக்களைப் பிறரும் எழுதியிருக்கிறார்கள். இரக்கத்தோடு எழுதியவர்களும் உண்டு. ஆனால் தராசுத் தட்டில் நான்கு கொழுந்தை வைத்த கையை அவர்கள் காணவில்லை, கண்டவர்கள் நாம். அதைக் கண்ட தாய்மார்கள் ஒவ்வொருவராக நம்மை விட்டுப் பிரிந்து வருகிறார்கள். நம் தாயாரும் இன்று இல்லை. அவர் கேட்ட மழையைச் சேர்த்து அக்கதையைத் திருத்தி எழுதினோம். ஆனால் படித்துக் காட்ட அவர் இல்லை.

ஆகவே, இன்றிரவே வீட்டு மூத்தவர் ஒருவர் அருகில் அமருங்கள். ஒரே ஒரு நாளில் நடந்த ஒரே ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். அன்று மழையா வெயிலா, கையில் என்ன இருந்தது, யார் என்ன சொன்னார் என்று கேட்டு எழுதுங்கள். எழுதியதை முதலில் அவருக்கே படித்துக் காட்டுங்கள். அவர் சொல்லும் குறையே உங்களுக்கு முதற் பாடமாகும்.