ஒதுங்கிக் கிடக்கும் கை

(மாதர் சபைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பக்கவாதம் என்றதும் கட்டிலில் கிடக்கும் முதியோரே நம் நினைவுக்கு வருகின்றனர். ஆனால் பிறக்குமுன்னரும், பிறந்த சில நாட்களுக்குள்ளும் குழந்தையின் மூளையில் இரத்தக்குழாய் அடைபடுவதுண்டு. பல வேளைகளில் அன்று யாருக்கும் தெரியாது. பிள்ளை பால் குடிக்கும், சிரிக்கும். ஐந்தாறு மாதமானபின் கிலுகிலுப்பையைப் பிடிக்க ஒரு கையை மட்டும் நீட்டும். மற்றது மடங்கிய விரல்களோடு ஒதுங்கிக் கிடக்கும்.

இங்கேதான் நம் வீடுகளில் ஒரு வேடிக்கை நடக்கிறது. பிள்ளை இடக்கையை நீட்டினால் "பீச்சாங்கை" என்று அதட்டுகிறோம். வலக்கையையே நீட்டினால் மெச்சிக்கொள்கிறோம். இடக்கை ஏன் சும்மா கிடக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. கை சூம்பியவனைப் பற்றி எழுதிய நற்செய்தியாளருள் லூக்கா ஒருவர்தாம் அது வலக்கை என்று குறிக்கிறார். இடக்கையாயிருந்தால் கவனித்திருப்பாரோ என்னவோ! ஒரு வயதுக்குள் பிள்ளை ஒரே கையை நாடுமானால், எந்தக் கையானாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கை ஏன் ஒதுங்குகிறது? அமெரிக்க உளவியலறிஞர் எட்வர்ட் டாப் இதைக் குரங்குகளிடம் ஆராய்ந்தார். ஒரு கையின் உணர்ச்சி நரம்புகளை அறுத்தால் குரங்கு அக்கையை உபயோகிப்பதை விட்டுவிடும். நல்ல கையைக் கட்டிவைத்தாலோ, விட்ட கையையே மீண்டும் நீட்டும். ஆக, அந்தக் கை முற்றும் செத்ததன்று. முயன்று முயன்று தோற்று, வேண்டாமென்று ஒதுக்கப்பட்டது. (அவ்வாராய்ச்சிக் குரங்குகளை 1981-ல் காவல்துறை கைப்பற்றி, வழக்கும் நடந்தது. தண்டனை பின்னர் ரத்தாயிற்று. வாயில்லா உயிர்கள் பட்ட பாட்டை நாம் மறந்துவிடுதல் சரியன்று.)

பிற்பாடு அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் அவரும் சகாக்களும் இம்முறையைக் குழந்தைகளுக்குக் கொண்டுவந்தனர். நல்ல கைக்கு மாவுக்கட்டுப் போடுவார்கள். தினம் ஆறு மணி நேரம், இடைவிடாமல் 21 நாள், பயிற்சியாளர் பிள்ளையோடு உட்கார்ந்து விளையாடுவார். இரண்டு வயதுப் பிள்ளைக்கு இது லேசான காரியமா? தொடக்கத்தில் அழுகை, கோபம், தட்டைத் தள்ளிவிடுதல். பயிற்சியாளர் அதட்டுவதில்லை. பொம்மையைத் தொட்டாலே கைதட்டுவார், அடுத்து உருட்டினால், அதற்கடுத்து விரல் மடக்கிப் பிடித்தால். பெரியவர்களுக்குச் சலித்துப்போகும் அளவுக்கு அதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். ஒரு நாள் பிஸ்கட்டைப் பிடித்து வாய்வரை கொண்டுபோகும். பெற்ற தாய்க்கு அது எத்தனை பெரிய காரியம்!

2004-ல் வெளியான அவர்களது ஆய்வில் இருந்தோர் 18 குழந்தைகளே. பயிற்சி பெற்றோர் சராசரியாக 9 புதிய கைத்திறன்களைப் பெற்றனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோர் இரண்டு. ஆறு மாதம் கழித்தும் அப்பலன் நிலைத்திருந்தது. எனினும் மூளையில் பட்ட காயம் மறைவதில்லை. பல பிள்ளைகளுக்கு அது உதவிக்கையாகவே இருக்கும்: இது பாட்டிலைப் பிடிக்க, மற்றது மூடியைத் திறக்கும். அதற்காக, கட்டைக் கழற்றியபின் இரு கையும் சேர்ந்து வேலை செய்யப் பழக்குகிறார்கள். கட்டே இல்லாமல், இரு கைகளுக்கும் அதே தீவிரத்தோடு பயிற்சி தரும் முறையும் உண்டு. அதிலும் நல்ல பலன் கண்டிருக்கிறார்கள்.

ஒன்று சொல்கிறோம். இதைக் கேட்டுவிட்டு வீட்டில் பிள்ளையின் நல்ல கையைத் துணியால் கட்டிவிடாதீர்கள். பயிற்சி தராமல் கட்டுவது வெறும் தண்டனை. எந்தக் கைக்கு எவ்வளவு என்று தேர்ந்தவர் பார்த்துச் சொல்ல வேண்டும். நம் மாநிலத்து மாவட்டங்களில் அரசு நடத்தும் இடையீட்டுச் சேவை மையங்களில் இத்தகைய பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். கூட வர ஆளில்லாத தாய்மார் பங்கு இல்லத்தில் சொல்லுங்கள். துணைக்கு ஆள் அனுப்புகிறோம்.